ஆறாம் கற்பனை

போன மாதம் நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் கூடியபோது ஒரு படிவம் கொடுத்தீர்களே, அதில் ‘எந்தச் சபை’ என்ற கட்டத்தை நான் காலியாக விட்டேன். அதற்கு என்ன சிரிப்பு, என்ன கேலி! “இந்த வயசுல இன்னும் முடிவு பண்ணலியாளா? நாளைக்கு உன்னை எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போக?” என்று ஒருத்தி கேட்டாள். முட்டிவலியும் சர்க்கரை மாத்திரையுமாக நீங்கள் சந்தோஷமாக உட்கார்ந்திருந்த இடத்தில் பழைய ரத்தத்தைக் கொண்டுவந்து கொட்ட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் கேலி செய்யுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எழுபதுகளின் ஆரம்பம். புதுத் துறைமுகத்துக்குப் பாறை ஏற்றிய லாரிகள் நம் தெருவை நாள் முழுக்க அதிரவைத்துக்கொண்டு போகும். வீட்டில் தண்ணீர்ச் செம்புகூட நடுங்கும். அப்பா கடற்கரைக் கத்தோலிக்கர், கொழும்புக்குப் போகும் தோணியில் தலைவர். அம்மா பனங்காட்டுப் பக்கத்துப் புரட்டஸ்தாந்துக் குடும்பம். அவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது வேறு கதை. கல்யாணத்துக்காக அம்மா கோயில் மாறினாள், மனசு மாறவில்லை. இது தெரிந்தால் போதும்.

எங்கள் வீட்டில் சுவரோடு ஒரு மரத்தட்டு உண்டு. அதில் மாதா சுரூபம், ஒரு மெழுகுவர்த்தி, பக்கத்தில் ஒரு பெரிய சங்கு. அப்பாவின் அப்பா முத்துக் குளித்த காலத்தில் கடலடியிலிருந்து எடுத்துவந்த சங்கு அது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் எனக்குத் தூக்க வரும். அம்மா அந்தத் தட்டின் முன்னால் ஒருநாளும் முழங்கால் போட்டதில்லை. அவளுடைய சாமி அரிசிப் பானைக்குள் இருந்தது. அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன வேதவினாவிடைப் புத்தகத்தை அதில்தான் ஒளித்து வைத்திருந்தாள். திறந்தால் புழுங்கலரிசி வாசம் அடிக்கும்.

அடுத்த வீட்டில் அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. இளம் வயதிலேயே தாலி அறுத்தவள், கோயிலே கதி. அவளுக்கும் அம்மாவுக்கும் வாரத்துக்கு ஒரு சண்டை நிச்சயம்.

“உங்க புஸ்தகத்துல ரெண்டாங் கற்பனையை முழுங்கிட்டாங்க மைனி,” என்பாள் அம்மா. “சுரூபம் செய்யாதேன்னு கர்த்தர் சொன்னதை எடுத்துட்டு, பத்து குறையுதேன்னு கடைசிக் கற்பனைய ரெண்டாப் பொளந்து வச்சிருக்காங்க.”

“வேதத்துக்குள்ள வந்த பொறவும் பதித வாய் போகுதா பாரு!” என்று அத்தை காதைப் பொத்திக்கொள்வாள். பதிதர் என்றால் அவளுக்குப் புரட்டஸ்தாந்துக்காரர்கள்.

கற்பனை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கதை கட்டுவது என்று நினைப்பார்கள். நமக்குக் கற்பனை என்றால் கட்டளை, மோசேயிடம் கொடுத்த பத்து. சண்டையில் அம்மா சொன்னது மெய்தான். இரண்டாவதை எடுத்ததால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு எண் முன்னால் நகர்ந்துவிட்டது. ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்பது கத்தோலிக்கருக்கு ஐந்து, அம்மாவின் புத்தகத்தில் ஆறு. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

அப்பா அம்மாவை அடிப்பார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. குழம்பில் உப்பு கூடினால் அடி, குறைந்தால் அடி, பதில் பேசினால் அடி, பேசாமல் நின்றால் “என்னளா திமிரு” என்று அதற்கும் அடி. தோணிக் கயிறு இழுத்த கை அது. ஒரு அறையில் அம்மாவின் மூக்குத்தி தெறித்து அம்மிக்கு அடியில் போய் விழுந்தது. நான் தவழ்ந்து எடுத்துக் கொடுத்தேன். அதைக் கழுவாமலே மாட்டிக்கொண்டு அம்மா சோறு வடித்தாள். மறுநாள் காலைப் பூசையில் அப்பா நாக்கை நீட்டி, பாவமில்லாதவர்கள் வாங்கும் நன்மை அப்பத்தை வாங்கினார்.

எனக்கு அந்த வயதில் ஒரே ஒரு விசுவாசம்தான் இருந்தது. அடிக்கிறவனைச் சாமி பிடித்துக் கேட்க வேண்டும். எந்தக் கோயிலில் அப்படிக் கேட்கிற சாமி இருக்கிறாரோ அதுதான் என் கோயில். நான் தேடப் புறப்பட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் மனதார ஒரு சபையைத் தேடியது என் வாழ்க்கையில் அந்த வருஷம் மட்டும்தான்.

முதலில் நம் சிஸ்டரிடம் போனேன். முதல்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மைக்கு நம்மைத் தயார் செய்தவர், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். செபமாலையில் எல்லாரும் ‘தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்’ என்று நிறுத்திய பிறகும் என் வாய் மட்டும் அம்மா பழக்கிய வழியில் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று தனியாக ஓடியதே, அதற்காக மர ஸ்கேலைத் திருப்பி விளிம்பால் என் விரல் கணுவில் போட்டாரே, அவர்தான். “அடிக்கிறது பாவமா சிஸ்டர்?” என்று கேட்டேன். “திருத்துறதுக்கு அடிச்சா பாவமில்ல. கையை நீட்டு,” என்றார்.

அடுத்து, பஜார்ப் பக்கம் அம்மாவின் பழைய சபை. அங்கே உபதேசியாரிடம் கேட்டேன். “உங்கம்மா கீழ்ப்படிஞ்சு நடந்தா உங்கப்பா ஏன் அடிக்காரு?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மூன்றாவதாக, உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கியில் கைதட்டிப் பாடும் பெந்தெகொஸ்து கூட்டம். அங்கிருந்த பாஸ்டர் மட்டும் என் பேச்சை முழுசாகக் கேட்டார். “அடிக்கிறது உங்கப்பா இல்ல பாப்பா, அவருக்குள்ள இருக்கிற பிசாசு. நான் வீட்டுக்கு வந்து துரத்துதேன்,” என்றார். அப்பாடா, கிடைத்துவிட்டது என் சாமி என்று ஓட்டமாக ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அப்பா அப்போது கொழும்பில்.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. “வீட்டு நாத்தத்தை ஊரெல்லாம் கொண்டு போயி வீசிட்டு வந்தியா? அவரு காதுக்குப் போச்சுன்னா என்னைக் கொன்னே போட்டுருவாருளா!” என்று அலறினாள். அடுப்புக்கு வைத்திருந்த பனைமட்டையை உருவினாள். பனைமட்டையின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கும், தெரியுமல்லவா? அதால் என் கெண்டைக்காலில் மூன்று இழுப்பு இழுத்தாள். தோல் கிழிந்து ரத்தம் அடுக்களைத் தரையில் சொட்டியது. அதை அவளே துடைத்தாள். துடைத்த கையாலேயே மறுபடியும் ஒரு அடி. அதற்குப் பிறகும் நாலைந்து நாள் அதே பேச்சு, அதே மட்டை. அப்பாவிடம் வாங்கியதை யாரிடம் திருப்பிக் கொடுப்பாள்? என்னிடம்தான். இது இப்போது புரிகிறது. அப்போது எரிந்தது.

புதுநன்மைக்கு முன்னால், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம். பயத்தில் மறந்துபோகும் என்று சிஸ்டர் நம் எல்லாரையும் ஆளுக்கொரு சீட்டில் பாவங்களை எழுதிக்கொள்ளச் சொன்னார். பத்துக் கற்பனையையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஆறில் மட்டும் இருமினார். “ஆறாவது பெரியவங்களுக்கு. அதை விட்டுட்டு ஏழுக்குப் போங்க,” என்றார். நாமும் போனோம். கத்தோலிக்கப் புத்தகத்தில் அந்த ஆறாவது மோகபாவம், அதாவது விபச்சாரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஆறு அம்மாவின் ஆறுதான். கொலை. கை ஓங்கி அடிப்பதும் கோபத்தில் திட்டுவதும் அதில் அடக்கம் என்று அரிசிப் பானையருகே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அவள் செய்த பாவத்துக்கு அவள் புத்தகத்து எண்தானே சரி? என் பொய், என் களவுகளை எழுதிவிட்டு, பென்சிலை நக்கி அழுத்தி எழுதினேன்:

‘அப்பா கடலுக்குப் போயிருந்தபோது அம்மா ஆறாம் கற்பனையை மீறினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.’

சீட்டைச் செபப்புத்தகத்துக்குள் வைத்தேன். புதுநன்மைக்கான வெள்ளைக் கவுனை அத்தைதான் தைத்துக்கொண்டிருந்தாள். அளவு பார்க்கப் போனபோது புத்தகத்தை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் அத்தை என்னைக் கூப்பிட்டு ஜன்னலைச் சாத்தினாள். அவள் கையில் என் சீட்டு இருந்தது.

“ஏளா, இது நீ எழுதுனதா?”

“ஆமா அத்தை.”

“நீ... கண்ணால பாத்தியா?”

“பாக்காமலா? நான் அங்கனதான நின்னேன். அடுக்களையில.”

“மாதாவே! எத்தனை தடவளா?”

“நாலஞ்சு தடவ இருக்கும்.”

“யாராலளா இது?”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்தியாவது கேட்டாளே என்ற அழுகை. “எல்லாம் அந்தப் பெந்தெகொஸ்து பாஸ்டராலதான் அத்தை,” என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். என் காலில் இருந்த காயத்தை அவள் பார்க்கவே இல்லை.

இரண்டு நாளில் தோணி வந்தது. கையில் சவர்க்காரப் பெட்டியும் கொழும்புச் சோப்பு வாசமுமாக அப்பா தெருவில் நுழைவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். அத்தை அவரைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது சவர்க்காரப் பெட்டி கையில் இல்லை, என் சீட்டு இருந்தது.

அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். “வாங்க, எப்ப...” என்று எழுந்தவளின் வாயில் முதல் குத்து விழுந்தது. மீன் தண்ணீர்ச் சட்டி உருண்டது. முடியைக் கொத்தாகப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வாசல்படியில் மோதினார். “பாஸ்டரா? எவன்ளா அந்தப் பாஸ்டர்?” என்று கேட்டுக் கேட்டு மிதித்தார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னன்னு சொல்லிட்டு அடிங்க, என்னன்னு சொல்லிட்டு அடிங்க,” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். படியின் விளிம்பில் அவள் கை கிடந்தது. அப்பா அதன்மேல் மிதித்தார். காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை இப்போதும் என்னால் தாங்க முடியாது.

அவர் சீட்டை அவள் முகத்தில் தேய்த்தபோதுதான் எனக்கு விளங்கியது, இது என் சீட்டால் விழுகிற அடி என்று. ஏன் என்று மட்டும் விளங்கவில்லை. அம்மா என்னை அடித்ததற்கா அப்பா இப்படி அடிக்கிறார்? “ஆறாவதுன்னா கொலைப்பா!” என்று கத்தினேன். “கொலை! கொலை!”

“ஆமாளா,” என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமலே. “இன்னைக்குக் கொலைதான்.”

முழங்காலால் அவள் மார்பை அழுத்தி உட்கார்ந்து கழுத்தில் கை வைத்தார். அம்மாவின் கால் தரையில் உதைத்தது. கண் மேலே செருகியது. நான் முக்காலியில் ஏறினேன். மாதாவிடம் கேட்க ஏறினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும், ஆனால் அது பொய். சங்கை இரண்டு கையாலும் தூக்கி, பின்னால் வந்து நின்று, அப்பாவின் தலையில் போட்டேன்.

அவர் பக்கவாட்டில் சரிந்தார். ரத்தம் காது வழியாக வழிந்து சட்டைக்குள் போனது. மயக்கம் இல்லை. கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தார். நான் சங்கை மறுபடியும் தூக்கினேன். அப்பா தன் கையால் தலையை மூடிக்கொண்டார். அடி விழுமுன் அம்மா இப்படித்தான் மூடிக்கொள்வாள்.

‘கொலை கொலை’ என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. அத்தை முன்னால் நின்றாள். அம்மா வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு, “என்னளா எழுதுன?” என்று கேட்டாள். நான் ஒப்பித்தேன். அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஒடிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு தவழ்ந்து போய், நல்ல கையை அரிசிப் பானைக்குள் விட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அத்தை முன்னால் போட்டாள்.

“வாசிங்க மைனி. எங்க ஆறாவது என்னன்னு வாசிங்க.”

அத்தை வாசித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “தம்பி, அது வேற ஆறுடா,” என்றாள். அப்பா தலையில் துணியை அழுத்திக்கொண்டே, “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா,” என்றார்.

கேட்டீர்களா? மொதல்லயே சொல்லியிருக்கலாமாம்! தெருவே பெருமூச்சு விட்டது. ஒன்றுமில்லை, நம்பர் குழப்பம், பொம்பளை நல்லவள்தான் என்று எல்லாருக்கும் ஒரே நிம்மதி. நம்பர் சரியாகவே இருந்திருந்தால் அடித்துக் கொல்லலாமா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. சீட்டில் உள்ளபடி என்ன நடந்தது, பிள்ளையின் காலில் ஏன் காயம் என்றும் ஒரு ஆள் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆத்திரம் அடங்காதது இதில்தான்.

பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது நர்ஸ் கேட்டார். “வழுக்கி விழுந்துட்டேன்,” என்றாள் அம்மா. எனக்குப் பொறுக்கவில்லை. “பொய் சொல்லுதியே, எட்டாம் கற்பனை,” என்று அவள் காதில் சொன்னேன். வீங்கிய உதட்டை அசைத்து, “எங்களுக்கு ஒம்பது,” என்றாள். சிரித்தாள். உதடு மறுபடி கிழிந்து ரத்தம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை அப்பா பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் போனார். நான் வரிசையில் நின்றிருந்தேன். ஒரு விசுவாசப்பிரமாணம் சொல்லி முடிக்கிற நேரத்தில் வெளியே வந்துவிட்டார். தலையில் கட்டு, முகத்தில் தெளிவு. அபராதமாகச் செபமாலை சொல்ல மண்டியிட்டார். அம்மாவின் கைக்கட்டை அவிழ்க்க ஒன்றரை மாதம் இருந்தது.

என் முறை வந்தது. “அப்பாவைச் சங்கால அடிச்சேன் சாமி.”

“அதுக்கு மனம் நொந்து மனஸ்தாபப்படுறியா?”

“இல்ல சாமி.”

“மனஸ்தாபம் இல்லாட்டி பாவப்பொறுத்தல் கிடையாது, தெரியுமா? பாவப்பொறுத்தல் இல்லாட்டி புதுநன்மை கிடையாது.”

“தெரியும் சாமி. மனஸ்தாபம் வரல.”

“வெளிய போயி யோசிச்சிட்டு வா.”

யோசித்தேன். வரவில்லை. “சும்மா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லேன்ளா,” என்று அத்தை கெஞ்சினாள். பொய் சொல்லியா நன்மை வாங்குவது? உபதேசியாரிடம் போனேன். மனந்திரும்பு என்றார். பாஸ்டரிடம் போனேன். அப்பாவை விட்டு ஓடின பிசாசு எனக்குள் நுழைந்துவிட்டது என்று நெற்றியில் கை வைத்துத் தள்ளினார். பின்னால் விழுந்து பின்மண்டை வீங்கியது. ஊரில் இருந்த மூன்று சபைக்கும் என்னை மன்னிக்கத்தான் ஆசை. என் அம்மாவின் கையைப் பற்றி ஒன்றுக்கும் பேச்சில்லை. நீங்கள் எல்லாரும் வெள்ளைக் கவுனும் முக்காடுமாகப் படம் எடுத்துக்கொண்டீர்களே, அதில் நான் இல்லை. என் கவுனைப் போட்டு நிற்கிறவள் என் சித்தப்பா மகள்.

அப்பா அதன் பிறகு அடிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். இரண்டு தடவை கை ஓங்கினார். இரண்டு தடவையும் கண் தானாக அந்த மரத்தட்டுக்குப் போனது, கை இறங்கியது. சுரூபத்துக்கு முன்னால் முழங்கால் போடாத அம்மா, சனிக்கிழமைதோறும் அந்தச் சங்கை மட்டும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து மாதாவின் பக்கத்தில் வைப்பாள். அப்பா செத்தபோதும் அவர் மண்டையில் அந்தத் தழும்பு இருந்தது. கடைசிவரை நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைச் சாமியாரிடமே கேட்டு முடித்துவிட்டார்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது யார் அடக்கம் செய்வது என்று இரண்டு பக்கத்துக்காரர்களும் வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் என்னைக் கட்டிலருகே கூப்பிட்டாள். சேலையை விலக்கி என் கெண்டைக்காலைத் தடவினாள். ஒடிந்து கோணலாகச் சேர்ந்த அந்தக் கைதான். மூன்று கோட்டையும் விரலால் தேடிக் கண்டுபிடித்தாள்.

“நீ அன்னைக்கு எழுதுனது நம்பர் குழப்பமில்லளா,” என்றாள். “நெசந்தான் எழுதுன. நாந்தான் மீறுனேன். உன்னை அடிச்சேன். மன்னிச்சிரு.”

ஐம்பது வருஷத்தில் அந்தச் சீட்டை ஒழுங்காக வாசித்தவள் அவள் ஒருத்திதான். அழக் கூடாது என்று வேடிக்கைபோல் கேட்டேன்: “எந்தப் புஸ்தகத்துப்படிம்மா? உங்க நம்பரா, எங்க நம்பரா?”

“ரெண்டுலயும்தான்,” என்றாள்.

மன்னித்தேன் என்று சொன்னேன். “அப்பாவை அடிச்சதுக்கு எனக்கு இன்னும் மனஸ்தாபம் வரலம்மா,” என்றும் சொன்னேன்.

“வர வேண்டாம்,” என்றாள். “சங்கை யாருக்கும் குடுத்துராத,” என்றாள்.

நீங்கள் கேட்ட கட்டத்துக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். என் சபையில் இரண்டு பேர் இருந்தோம். இப்போது ஒருத்திதான்.